புத்தரும் கடன் கொப்பியும்

திருகோணமலையில் ஒரு தமிழன் "புத்தர் சொன்னதில் கொஞ்சத்தைக் கடைப்பிடித்துப் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால், கேட்கிறவர் முதலில் அவன் முகத்தை ஒருமுறை பார்ப்பார், அப்புறம் "என்ன, மாறிட்டியோ?" என்பார். அவரில் பிழை இல்லை. எங்கள் ஊரில் புத்தர் என்றால் சிலை, சிலை என்றால் காணி, காணி என்றால் பொலிஸ், ஆர்மி, வழக்கு. 2005 மே மாதம் பஸ் நிலையப் பக்கம் இரவோடிரவாக ஒரு சிலை வைக்கப்பட்டு, அதற்குப் பிறகு கடையடைப்பும் பதற்றமுமாக ஊர் கிடந்ததை என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் கொடுத்தார்கள், 1978இல் வந்த இப்போதைய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் அதையே சொல்கிறது. இப்படி அரசாங்கத்தின் பாதுகாப்போடு வந்து நிற்கும் ஒருவரிடம் போய், "ஐயா, எனக்குக் கோபம் வருகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்க எங்களுக்கு எப்படித் தோன்றும்?

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அது இன்னும் சிக்கல். கன்னியா வெந்நீரூற்றைத் தாண்டி உள்ளே போனால் பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை வரும், எங்கள் ஆட்கள் நாதனார் கோயில் என்று சொல்வது. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே கிடைத்த கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன, விளக்கெரிக்கப் பசு கொடுத்தவர்களைப் பற்றித் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது ஆயிரம் வருடத்துக்கு முன் இந்த மாவட்டத்தில் தமிழ் பேசிக்கொண்டே புத்தரைக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள். இதைச் சொன்னால் ஒரு கூட்டம் "பார், பௌத்தமும் எங்கடதுதான்" என்று ஆரம்பிக்கும், மற்றக் கூட்டம் "பார், இது பௌத்த பூமி" என்று ஆரம்பிக்கும், இரண்டு கூட்டத்துக்கும் வேண்டியது காணி உறுதிப்பத்திரம். அந்தப் பசுவைக் கொடுத்த மனுஷன் வீட்டில் கோபம் வந்தால் என்ன செய்தான், கடன் வாங்கியவனை எப்படி நடத்தினான் என்று கேட்க ஒருவரும் இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

ஏனென்றால் நான் உட்துறைமுக வீதிப் பக்கம் கடை வைத்திருக்கிறவன். வலை, கயிறு, மிதவை, ஈயம், தூண்டில், தங்கூசி என்கிற நைலோன் நூல், எஞ்சின் பிளக், இப்படி. திருக்கடலூர், சல்லி, கிண்ணியா, மூதூர், கொட்பே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள், சமயம் நாலு, மொழி இரண்டு, கடன் கொப்பி மட்டும் ஒன்று. மாரி தொடங்கி வாடைக்காற்று அடித்தால் கடல் தூக்கும், கார்த்திகையிலிருந்து மாசி வரை சின்னப் படகுக்காரர் பாதி நாள் கரையில்தான். அந்த மாதங்களில் கொப்பி தடிக்கும், எனக்குப் பிரஷர் ஏறும். பிரஷர் என்று சும்மா சொல்லவில்லை, குளிசை போடுகிற பிரஷர். உப்பைக் குறை, கோபத்தைக் குறை என்றார் டொக்டர். உப்பை எப்படிக் குறைப்பது என்று விவரமாகச் சொன்னார், கோபத்தை எப்படி என்று சொல்லவில்லை. அதை நானே தேடித் தேடிப் படித்துக்கொண்டு போனபோதுதான் செக்யூலர் புத்திசம் என்ற பெயர் அகப்பட்டது.

சுருக்கமாகச் சொன்னால், மறுபிறவி, தேவலோகம், சடங்கு, பிக்குவுக்குத் தானம் கொடுத்துப் புண்ணியம் சேர்ப்பது எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த ஒரு வாழ்க்கைக்கு, இந்தக் கிழமைக்கு, இன்றைக்குப் பின்னேரத்துக்கு எது உதவும் என்று பார்ப்பது. மேற்கில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஸ்டீபன் பாச்சிலர், திபெத்திய மரபிலும் பிறகு கொரிய ஜென் மரபிலும் துறவியாக இருந்து காவியைக் கழற்றியவர். அவர் சொல்வதில் எனக்கு உதவியது ஒரு விஷயம்: நாலு உண்மைகள் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியதை நம்ப வேண்டியவையாக எடுக்காதே, செய்ய வேண்டிய வேலைகளாக எடு. இது அவருடைய கற்பனையும் இல்லை. புத்தரின் முதல் போதனையிலேயே துன்பத்தை முழுக்க அறிய வேண்டும், அதைக் கிளப்பும் ஆசையை விட வேண்டும், அது அடங்குவதை நேரே காண வேண்டும், பாதையை வளர்க்க வேண்டும் என்று நாலுக்கும் நாலு வேலை கொடுத்திருக்கிறது.

வெள்ளைக்காரன் சொன்னால்தான் எங்களுக்கு ஏறும் என்று யாரும் முறைக்க வேண்டாம். அம்பேத்கர் 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார், அவர் இறந்த பிறகு 1957இல் வெளிவந்த அவருடைய புத்தர் பற்றிய நூலின் முன்னுரையில் நேராகவே கேட்கிறார்: ஆன்மா இல்லை என்றால் மறுபிறவியும் கர்மமும் எப்படி? பிக்கு என்பவர் தன்னை மட்டும் மெருகேற்றிக்கொள்ளும் ஆளா, சமூகத்துக்கு வேலை செய்பவரா? அதற்கும் முன்னால் தமிழ்நாட்டில் அயோத்திதாசர் சாதியை எதிர்க்கப் பௌத்தத்தை எடுத்தார், 1898இல் கொழும்புக்கு வந்து போனார். இவர்கள் இரண்டு பேரும் கேட்டது பெரிய கேள்விகள். என் கேள்வி சின்னது, கடை சைஸ்.

கொட்பேப் பக்கத்து சிங்கள முதலாளி ஒருவர், நெடுநாள் வாடிக்கையாளர், ஒரு போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, முதல் நாள் இதைப் பற்றிக் கதை வந்தபோது சிரித்துவிட்டார். மறுபிறவியை எடுத்துவிட்டால் பிறகு எதற்காக நல்லவனாக இருக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய நூல்களில் புத்தர் மறுபிறவியைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறார், பேசவில்லை என்று சாதிப்பவர்கள் படிக்காமல் சொல்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் முதலாளி கேட்ட கேள்விக்குப் பதிலும் அங்கேயே இருக்கிறது. கேசபுத்தம் என்ற ஊரில் இருந்த காலாமர் என்ற மக்கள், வருகிற சாமிமார் ஒவ்வொருவரும் தன்னுடையதைப் புகழ்ந்து மற்றவனுடையதைத் திட்டுகிறார்கள், யாரை நம்புவது என்று புத்தரிடம் கேட்டார்கள். வழக்கம் என்பதற்காக, ஏட்டில் இருப்பதற்காக, சொன்னவர் குரு என்பதற்காக எடுக்காதீர்கள், கேடு தருகிறது என்று நீங்களே கண்டால் விடுங்கள், நன்மை தருகிறது என்று கண்டால் எடுங்கள் என்றார். இந்த வரிகளைத்தான் எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், நடுவில் "அறிவுள்ளவர்கள் பழிப்பதா" என்றும் பார்க்கச் சொன்னதை விட்டுவிட்டு. அதற்குப் பிறகு வருகிறதை ஒருவரும் அனுப்புவதில்லை. பகை இல்லாத மனம் உள்ளவனுக்கு நாலு ஆறுதல் என்கிறார்: மறு உலகம் இருந்தால் நல்ல இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் இங்கேயே பகையில்லாமல் நிம்மதியாக இருந்தேன். தீமை செய்தவனுக்குத் தீமை வரும் என்றால் நான் செய்யவில்லை, வராது என்றால் இரண்டு பக்கமும் நான் சுத்தம். முதலாளியிடம் இதைச் சொன்னேன். பன்சலையில், அதுதான் விகாரையில், இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்றார். பில்லில் கழிவு கேட்டார், கொடுத்தேன்.

இனி கொஞ்சம் கஷ்டமான இடம். இந்த வழியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மாலுங்கியபுத்தர் கதையைக் கொண்டுவருவார்கள். உலகம் நிலையானதா இல்லையா, இறந்த பின் என்ன என்று சொல்லாவிட்டால் நான் துறவை விட்டுப் போகிறேன் என்றவரிடம், நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன் எய்தவன் எந்தச் சாதி, எந்த ஊர், வில் எந்த மரம் என்று தெரிந்தால்தான் பிடுங்க விடுவேன் என்று சொன்னால் செத்துப் போவான் என்று புத்தர் சொன்ன கதை. நல்ல கதை. ஆனால் திருகோணமலையில் இதைச் சொல்லும்போது இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய், எய்தவன் யார் என்று கேட்காதே, அம்பைப் பிடுங்கு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது பற்றுதல் என்று ஒருவர் என்னிடம் பேஸ்புக்கில் எழுதினார், அவரை நான் அன்றைக்கே பிளாக் செய்தேன், அதில் எனக்கு ஒரு மன உளைச்சலும் இல்லை. மாலுங்கியபுத்தர் கேட்டது உலகத்தின் முடிவைப் பற்றி. இந்த அம்மாக்கள் கேட்பது என் பிள்ளை எங்கே என்று. விட்டுவிடு, அமைதியாக இரு என்பதைத் தனக்குத்தான் சொல்லிக்கொள்ளலாம், அநியாயம் நடந்தவனுக்குச் சொல்லக் கூடாது. இந்த வகைப் புத்தகங்கள் பலவற்றில் எனக்குள்ள குறை இதுதான், எல்லாத் துன்பமும் எங்கள் தலைக்குள்ளேயே உற்பத்தியாவது மாதிரி எழுதுவார்கள்.

என் தலைக்குள் உற்பத்தியாகிறதும் கொஞ்சநஞ்சம் இல்லை என்பதும் உண்மைதான். சரி, கொப்பிக்கு வருகிறேன்.

கடனைக் கேட்பது ஒரு கலை, எங்கள் அப்பாவுக்கு அது வரவில்லை, அவர் ஒன்று கத்துவார் இல்லாவிட்டால் கேட்கவே மாட்டார். அபய இளவரசன் என்று ஒருவர், மற்றவருக்குப் பிடிக்காத சொல்லைப் புத்தர் சொல்வாரா மாட்டாரா என்று மடக்குவதற்காகக் கேள்வி கொண்டுவருகிறார். மடியில் அவருடைய குழந்தை. குழந்தை கல்லை வாயில் போட்டால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்கிறார் புத்தர். இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன், பிள்ளையில் இரக்கம் என்கிறார் இளவரசர். அப்புறம் புத்தரின் கணக்கு வருகிறது. பொய்யானதைச் சொல்வதே இல்லை. உண்மையாக இருந்தும் பயனில்லாததைச் சொல்வதில்லை. உண்மை, பயனும் உண்டு, ஆனால் கேட்பவருக்குக் கசக்கும் என்றால் நேரம் பார்த்துச் சொல்வது. நான் நின்று யோசித்த இடம் கடைசி வரி: உண்மை, பயன் உண்டு, கேட்க இனிமையாகவும் இருக்கிறது என்றாலும் நேரம் பார்த்துத்தான் சொல்வது. இனிப்பானதுக்கும் நேரம் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை.

சல்லியில் இருந்து வருகிற அண்ணை ஒருவருக்குப் பெரிய பாக்கி. அவர் கடைக்குள் வருகிறார், கூட மகன், அவனுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும், தகப்பனைப் போல நடக்கப் பழகுகிற வயது. பாக்கி உண்மை, கேட்பதில் எனக்கும் பயன், அவருக்கும் பயன், ஏனென்றால் இன்னும் ஏறினால் அவரால் கட்டவே முடியாது. நேரம்தான் பிழை. மகனுக்கு முன்னால் கேட்டால் காசு வராது, அண்ணையும் வரமாட்டார். ஆகவே கயிறு அளந்து கொடுத்துவிட்டு, சித்திரையில் கடல் படுத்து மீன் விழத் தொடங்கியதும் அவர் தனியாக வந்த ஒரு காலையில், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "அண்ணை, கொப்பியை ஒருக்காப் பாப்பமே?" என்று கேட்டேன். பாதி கட்டினார். இப்படிக் கேட்டால் எல்லோரும் கட்டுவார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்காது, கட்டாதவர் கட்டமாட்டார். வித்தியாசம் என்னவென்றால் அவர் கட்டாமல் போன பிறகு நான் இரவு முழுக்க அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு கிடப்பதில்லை. குளிசை இன்னும் போடுகிறேன், ஆனால் டோஸ் கூடவில்லை.

கனடாவில் இருக்கிற தம்பியோடு வாட்ஸ்அப்பில் வீட்டுக் காணி விஷயம் கதைப்பதற்கு இதைவிடச் சின்னதாக ஒரு முறை வைத்திருக்கிறேன். புத்தர் மகன் இராகுலனுக்குச் சொன்னது: கண்ணாடி எதற்கு, பார்ப்பதற்கு, அதே மாதிரி ஒன்றைச் செய்ய முதல் பார், செய்யும்போது பார், செய்த பிறகும் பார், எனக்கோ மற்றவனுக்கோ கேடா என்று. நான் வொய்ஸ் மெசேஜ் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். எழுதினால் "செய்ய முதல்" என்ற அந்த இடைவெளி தானாகக் கிடைக்கிறது. அவ்வளவுதான், இதில் ஞானம் ஒன்றும் இல்லை.

தியானம்? செய்கிறேன். கடை திறக்க முதல் பின் அறையில் நூல் கட்டுகளுக்கு நடுவில் கதிரையில் இருந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது, கவனம் ஓடினால் திரும்பக் கூட்டி வருவது. 1979இல் ஜோன் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் தீராத நோவு உள்ளவர்களுக்காகத் தொடங்கியது கிட்டத்தட்ட இதுதான், அங்கிருந்து கம்பனிகளுக்கும் போன் ஆப்களுக்கும் பரவிவிட்டது. ஆப்பில் கேட்கிற குரல் மனதை அமைதியாக்கும், காலையில் அமைதியாகி ஒன்பது மணிக்கு வேலைக்காரனின் சம்பளத்தை வெட்டினால் என்ன பிரயோசனம் என்று அது கேட்காது. எட்டு அங்கப் பாதையில் பேச்சு, செயல், தொழில் மூன்றும் தியானத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன, ஆப் செய்தவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் பிய்த்து எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த முழு விஷயத்திலும் ஆகப் பிடித்தது சிகாலன் கதை. ராஜகிருகத்தில் ஒரு இளைஞன் ஈர உடுப்போடு காலையில் ஆறு திசையையும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான், ஏன் என்றால் அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார். அவனிடம் புத்தர், கிழக்கு என்றால் பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி பிள்ளைகள், வடக்கு நண்பர்கள், கீழே வேலை செய்பவர்கள், மேலே துறவிகள் என்று ஆறு பக்கத்துக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறார். வேலை செய்பவருக்கு முதலாளி செய்ய வேண்டியது ஐந்து: பலத்துக்கு ஏற்ற வேலை, சாப்பாடும் சம்பளமும், வருத்தம் வந்தால் பார்ப்பது, ருசியான சாமான் ஏதும் கிடைத்தால் பங்கு, நேரத்துக்கு விடுவது. எங்கள் நாட்டில் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வந்தது 1954இல். சட்டத்தில் இல்லாத ஒன்று அந்தப் பழைய பட்டியலில் இருக்கிறது, ருசியான சாமான். யாராவது அறக்குளா மீன் கொண்டுவந்து தந்தால் கடையில் நிற்கிற கிண்ணியாப் பொடியனுக்கும் ஒரு துண்டு போக வேண்டும் என்று இப்போது எனக்கு விதி.

அதே சிகாலனுக்குக் காசுக் கணக்கும் சொல்கிறார். உழைத்ததை நாலாகப் பிரி, ஒன்றை அனுபவி, இரண்டைத் தொழிலில் போடு, நாலாவதைக் கஷ்டகாலத்துக்கு வை. இப்போது சம்பாதிக்கிற யாராலும் அப்படியே செய்ய முடியாது. நான் செய்ய முடிந்தது அந்த நாலாவதை நாலாவதாக வைக்காமல் முதலாவதாக எடுத்து வைத்தது, அளவு சின்னதுதான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாவுக்குப் போனது. அதற்கு முதலே எண்ணெய் கிடையாமல் படகுகள் கரையில் கிடந்தன, விலை ஏறியதும் எண்ணெய் இருந்தும் இறக்க முடியவில்லை. படகு இறங்காவிட்டால் வலை கிழியாது, வலை கிழியாவிட்டால் என் கடைக்கு ஆள் வராது. அந்த மாதங்களில் பொடியனுக்குச் சம்பளம் கொடுத்தது அப்படி எடுத்து வைத்த பெட்டிக் காசில். கோணேசரிடம் அம்மா வைத்த நேர்த்தியும் சேர்ந்துதான் காப்பாற்றியது என்பது அம்மாவின் கட்சி. நான் வாதாடுவதில்லை. நான் எதைப் படிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும், "எதையாவது படி, கடையில கத்தாம இருந்தாச் சரி" என்பதோடு அவருடைய விமர்சனம் முடிந்தது.

தொழில் என்று வந்தால்தான் எனக்கு நேராகக் குத்துகிறது. இல்லறத்தான் செய்யக் கூடாத வியாபாரம் ஐந்து என்று ஒரு பட்டியல்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. வலை அதில் இல்லை என்று நான் முதலில் ஆறுதல்பட்டேன். வேறு இடத்தில் கொடிய தொழில் செய்பவர்களை வரிசைப்படுத்தும்போது வேட்டைக்காரனோடும் கள்ளனோடும் சேர்த்து மீன் பிடிப்பவனையும் சொல்லியிருக்கிறது. காலத்துக்கு ஏற்ற மாதிரி விளங்கிக்கொள்ள வேண்டும் என்று செக்யூலர்காரர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள், எனக்குப் பிடிக்காததையெல்லாம் காலத்தின் மேல் போட்டுவிட்டால் பிறகு மிஞ்சுவது நான் முதலே நினைத்ததுதான். அதற்காக, தலைமுறையாகக் கடலில் இறங்கி வயிறு கழுவுகிற சனத்தைக் கொடியவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், நானும் மீன் தின்று வளர்ந்தவன், இன்றைக்கும் மத்தியானம் சூடைமீன் பொரியல். இந்த இடத்தில் எனக்கு முழு விடை இல்லை. கையில் இருப்பது ஒரு சின்னத் தீர்மானம் மட்டும்: தங்கூசி வலை விற்பதில்லை. அது சட்டத்திலும் தடைதான், ஆனாலும் கேட்டு வருவார்கள், லாபமும் நல்லது. தங்கூசியைத் தூண்டிலுக்கு விற்பது வேறு, வலையாகப் பின்னி இறக்கினால் குஞ்சும் ஆமையும் பாராமல் எல்லாவற்றையும் பிடிக்கும், அறுந்து அடியில் போனாலும் உக்காது, ஆள் இல்லாமலே மீனைக் கொன்றுகொண்டு கிடக்கும். கடலில் வெடி போடுகிறவர்களுக்கு அடுத்தபடியாக எங்கள் கடலைக் கெடுப்பது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

போன மாதம் ஒருவர் கேட்டு வந்தார், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் அண்ணை, காக்கா என்போம், நல்ல மனுஷன். இல்லை என்றேன். "நீங்க தராட்டி வேற இடத்துல எடுப்பன் தம்பி" என்றார், கோபமில்லாமல். எடுத்தும் இருக்கிறார் போல. அடுத்த கிழமை வந்து மிதவையும் ஈயமும் என்னிடம்தான் வாங்கினார், எந்த வலைக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டுமா என்று பொடியனிடம் கேட்டேன், அவன் "ஈயத்துக்கு நாம என்ன செய்றது" என்றான்.